முதுகு வட்டுப் பிதுக்கமும் நுண்துளை அறுவைச் சிகிச்சையும்

ஒரு நாட்டின் செல்வம் அதன் மக்களின் உழைப்பிலிருந்து பிறக்கிறது. அவ்வுழைப்பின் பெரும் பாரத்தைத் தாங்குவது முதுகெலும்பு. வயலில் குனிந்து நாற்று நடும் பெண், தானியச் சந்தையில் மூட்டை சுமக்கும் தொழிலாளி, நெடுஞ்சாலையில் லாரி ஓட்டுபவர், நாள் முழுவதும் நாற்காலியில் அமர்ந்து கோப்புப் பார்க்கும் எழுத்தர் ஆகிய அனைவருக்கும் பொதுவான துன்பம் ஒன்று உண்டெனில் அது இடுப்பு வலியே ஆகும். இவ்வலிகளுள் பெரும்பாலானவை தசைகளையும் மூட்டுகளையும் சார்ந்தவை. சில நாட்களில் தாமே தணிபவை. சிறு பகுதி மட்டுமே, முதுகெலும்புகளுக்கு இடையே உள்ள வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவதால் உண்டாகிறது. இதையே மக்கள் 'டிஸ்க் விலகிவிட்டது' என்றும் 'ஜவ்வு விலகல்' என்றும் வழங்குகின்றனர்.

இந்நோய்க்குச் சிறு துளை வழியே செய்யப்படும் அறுவைச் சிகிச்சை இன்று நம் நாட்டின் பெருநகரங்களில் மட்டுமன்றி, மாவட்டத் தலைநகரங்கள் பலவற்றிலும் விளம்பரப்படுத்தப்படுகிறது. இக்கட்டுரையாளர் மருத்துவர் அல்லர்; பொருளாதாரம் பயின்று, மத்திய அரசுப் பணியில் மருத்துவச் செலவுக் கோப்புகளைப் பல ஆண்டுகள் ஆய்ந்தவர். அக்கோப்புகளுள் ஒன்றில் தவறான வினாவை எழுப்பிய அனுபவமும் அவருக்கு உண்டு. இச்சிகிச்சையைப் பற்றி நாம் எழுப்பவேண்டிய சரியான வினாக்கள் யாவை என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வட்டின் அமைப்பு

மனித முதுகெலும்புத் தொடர் 33 எலும்புகளால் ஆனது. கழுத்தில் 7, மார்பில் 12, இடுப்பில் 5 எலும்புகள் தனித்தனியே அசைகின்றன. அவற்றின் கீழுள்ள ஐந்தும் ஒன்றிணைந்து ஒரே எலும்பாகவும், கடைசி நான்கும் வால் எலும்பாகவும் அமைந்துள்ளன. அசையும் எலும்புகளுக்கு இடையே 23 வட்டுகள் உள்ளன. ஒவ்வொரு வட்டும் இரு பகுதிகளைக் கொண்டது. வெளிப்புறத்தில் வலிய நார் அடுக்குகளால் ஆன வளையம். உட்புறத்தில் நீர்ச்சத்து மிகுந்த, கூழ் போன்ற உட்கரு. நாம் நடக்கும்போதும் குதிக்கும்போதும் உண்டாகும் அதிர்வை இவ்வுட்கரு ஏற்று, நாற்புறமும் பரப்பிவிடுகிறது.

வயது ஏற ஏற வட்டின் நீர்ச்சத்து குறைகிறது; நார் வளையத்தில் சிறு கிழிசல்கள் தோன்றுகின்றன. பாரத்தின் அழுத்தத்தால் உட்கரு அக்கிழிசல் வழியே பின்புறமாகப் பிதுங்கலாம். சுவீடன் நாட்டு மருத்துவர் ஆல்ஃப் நாகம்சன் 1960-களில் ஊசியொன்றை வட்டினுள் செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நிற்பதைக் காட்டிலும் அமர்ந்திருக்கும்போது வட்டின் அழுத்தம் மிகுதி என்றும், முன்குனிந்து பாரம் தூக்கும்போது அது பன்மடங்காகிறது என்றும் அவர் கண்டார்.

இடுப்பு வட்டுப் பிதுக்கங்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 95, கீழ்முனையில் உள்ள இரண்டு வட்டுகளிலேயே நிகழ்கின்றன. உடலின் எடை முழுவதும் இறங்கும் இடமும், குனிந்து நிமிரும்போது மிகுதியாக வளையும் இடமும் அதுவே என்பது இதற்குக் காரணம்.

இங்கு ஓர் அச்சத்தை நீக்குவது நலம். முதுகில் கத்தி பட்டால் தண்டுவடம் அறுந்து கால்கள் செயலிழந்துவிடும் என்று பலர் அஞ்சுகின்றனர். வளர்ந்த மனிதரில் தண்டுவடம் இடுப்பின் முதல் அல்லது இரண்டாம் எலும்பின் அளவிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே குதிரை வாலின் மயிர்க்கற்றை போன்று நரம்பு வேர்கள் மட்டுமே செல்கின்றன. பெரும்பாலான வட்டு அறுவைகள் தண்டுவடம் முடிந்த இடத்திற்குக் கீழேயே நடைபெறுகின்றன. அபாயம் அறவே இல்லை என்பதன்று இதன் பொருள். மக்கள் அஞ்சும் அபாயம் மிக அரிது என்பதேயாகும்.

அறிகுறிகளும் படமும்

பிதுங்கிய பகுதி நரம்பு வேரை அழுத்தும்போது வலி இடுப்போடு நிற்பதில்லை. பிட்டத்தின் வழியாகத் தொடையில் இறங்கி, முழங்காலைக் கடந்து, பாதம் வரை மின்சாரம் பாய்வது போல் ஓடுகிறது. இருமும்போதும் தும்மும்போதும் அது மிகும். நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்கால் மடங்காமல் காலை மெல்ல உயர்த்தினால் அவ்வலி தோன்றும். இந்த எளிய சோதனைக்கு எக்கருவியும் தேவையில்லை. எந்த ஆரம்பச் சுகாதார நிலையத்திலும் இதனைச் செய்ய இயலும்.

இரண்டு அறிகுறிகளைப் பொறுத்தவரை காலம் தாழ்த்துதல் கூடாது. முதலாவது, சிறுநீர் அல்லது மலம் கழிப்பதில் கட்டுப்பாடு இழத்தலும், இருக்கையில் படும் இடம் மரத்துப்போதலும் ஆகும். இஃது அன்றே மருத்துவமனையை அடைய வேண்டிய அவசர நிலை. இரண்டாவது, பாதத்தின் வலிமை நாளுக்கு நாள் குறைந்து வருதல். வலியைப் பொறுத்துக்கொள்ளலாம், வலிமை குறைவதைப் பொறுத்துக்கொண்டிருத்தல் ஆகாது.

எம்.ஆர்.ஐ. படம் வட்டின் நிலையை மிகத் தெளிவாகக் காட்டுகிறது. எனினும் படத்தில் காணும் பிதுக்கமெல்லாம் நோயாகாது. எவ்வித வலியும் இல்லாத 3,110 பேரைப் பற்றிய 33 ஆய்வுகளின் தொகுப்பு ஒன்று 2015-இல் வெளியாயிற்று. அதன்படி வலியற்ற 20 வயதினரில் நூற்றுக்கு 30 பேருக்கும், 80 வயதினரில் நூற்றுக்கு 84 பேருக்கும் வட்டில் புடைப்பு காணப்பட்டது. தலை நரைப்பது போன்று வட்டும் மூப்படைகிறது. ஆகவே படமும், வலி ஓடும் பாதையும், மருத்துவரின் சோதனையும் ஒரே நரம்பைச் சுட்டினாலன்றிக் கத்தியை எடுத்தல் முறையன்று.

அறுவைச் சிகிச்சையின் வளர்ச்சி

காலில் இறங்கும் வலிக்கும் வட்டுப் பிதுக்கத்திற்கும் உள்ள தொடர்பை 1934-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரைச் சேர்ந்த மிக்ஸ்டர், பார் என்னும் இரு மருத்துவர்கள் நிறுவினர். அதன் பின்னர் நெடுங்காலம் வழக்கிலிருந்த அறுவையில் முதுகுத் தசைகளை அகலப் பிரித்து, எலும்பின் ஒரு பகுதியை வெட்டி நீக்கி, நரம்பை அடைந்தனர். நோய் நீங்கினும், அறுபட்ட தசைகள் தேற நெடுநாளாயிற்று.

வெட்டைச் சிறிதாக்கும் முயற்சிகள் பல திசைகளில் நடைபெற்றன. அவற்றுள் ஒன்று பப்பாளியைச் சார்ந்தது. பப்பாளிப் பாலிலிருந்து பிரித்தெடுத்த நொதிப்பொருளை வட்டினுள் ஊசி மூலம் செலுத்தி உட்கருவைக் கரைக்கும் முறையை 1960-களில் அமெரிக்க மருத்துவர் லைமன் ஸ்மித் கையாண்டார். 1982-இல் அந்நாட்டு அரசு அதற்கு அனுமதி அளித்தது. ஆயினும் சிலருக்குக் கடும் ஒவ்வாமையும், மிகச் சிலருக்கு நரம்பு மண்டலப் பாதிப்பும் நேரவே, அம்முறை படிப்படியாகக் கைவிடப்பட்டது. துளை சிறிதாயின் அபாயமும் சிறிதாகும் என்று கொள்ளலாகாது என்பதற்கு இவ்வரலாறே சான்று.

நிலைத்து நின்ற முறைகள் மூன்று. முதலாவது, நுண்ணோக்கி வழி அறுவை. 1977-இல் யாசர்கில், காஸ்பர் ஆகியோர் தனித்தனியே இதனை வெளியிட்டனர். ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் வெட்டின் வழியே, நுண்ணோக்கியின் ஒளியிலும் உருப்பெருக்கத்திலும் பிதுங்கிய பகுதி அகற்றப்படுகிறது. இரண்டாவது, குழாய் வழி அறுவை. 1997-இல் ஃபோலி, ஸ்மித் ஆகியோர் விவரித்த இம்முறையில் தசை நார்களை வெட்டாமல், ஒன்றன் மேல் ஒன்றாகக் குழாய்களைச் செருகி விலக்கி, ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் விட்டமுள்ள வழி உண்டாக்கப்படுகிறது. மூன்றாவது, முழு உள்நோக்கி அறுவை. இதில் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான துளையின் வழியே ஒளியும் காமிராவும் கருவியும் ஒருசேர உட்செல்கின்றன. முதுகின் பக்கவாட்டிலிருந்து அணுகும் வகையில், அவ்விடத்தை மட்டும் மரக்கச் செய்து, நோயாளி விழித்திருக்கும்போதே பலருக்கு இதனைச் செய்கின்றனர்.

மூன்று முறைகளிலும் எக்ஸ்ரே திரையைப் பார்த்தே சரியான வட்டு அடையாளம் காணப்படுகிறது. மூன்றிலும் வட்டு முழுவதும் எடுக்கப்படுவதில்லை. நரம்பை அழுத்தும் பகுதியே நீக்கப்படுகிறது. எனவே அதே இடத்தில் மீண்டும் பிதுக்கம் தோன்ற வாய்ப்புண்டு. நூற்றில் 5 முதல் 15 பேர் வரை இதற்கு உள்ளாகின்றனர். நரம்புகளைச் சூழ்ந்த உறை கிழிதல், தொற்று முதலியனவும் சிலருக்கு நேரலாம். நோயாளி அன்றோ மறுநாளோ வீடு திரும்பக்கூடும். வெளியே இட்ட தையல் பத்து நாட்களில் ஆறிவிடும். உள்ளே நார் வளையத்தில் உள்ள கிழிசல் ஆற வாரங்கள் பல ஆகும். வெளிப்புண் சிறிதாக இருப்பதைக் கண்டு மறுவாரமே மூட்டை தூக்கப் புகுதல் பெரும் பிழையாகும்.

பயன் எவ்வளவு?

அறுவையின்றியே பலர் குணமடைகின்றனர் என்பது இந்நோயின் சிறப்பியல்பாகும். பிதுங்கி வெளியேறிய பகுதியை உடலே அந்நியப் பொருளாகக் கருதிச் சிறிது சிறிதாகக் கரைத்துவிடுவதுண்டு. அவ்வாறாயின் அறுவையால் விளையும் நன்மை யாது?

நெதர்லாந்து நாட்டில் 6 முதல் 12 வாரங்கள் கடும் கால்வலியால் வருந்திய 283 நோயாளிகளை இரு பிரிவாக்கிச் செய்த ஆய்வு 2007-இல் வெளியாயிற்று. ஒரு பிரிவினருக்கு விரைவில் அறுவை. மறு பிரிவினருக்கு மருந்து, அறிவுரை, தேவைப்பட்டால் பின்னர் அறுவை. ஓராண்டின் முடிவில் இரு பிரிவிலும் நூற்றுக்கு 95 பேர் குணமடைந்திருந்தனர். காத்திருந்த பிரிவில் நூற்றுக்கு 39 பேருக்கு இடையில் அறுவை தேவைப்பட்டது. ஏனையோருக்குத் தேவைப்படவே இல்லை. வேறுபாடு காலத்தில்தான் இருந்தது. விரைவில் அறுவை செய்துகொண்ட பிரிவில் பாதிப் பேர் 4 வாரங்களுக்குள் தேறினர். காத்திருந்த பிரிவில் பாதிப் பேர் தேற 12 வாரங்கள் ஆயின.

வெட்டின் அளவைப் பற்றிய ஆய்வுகளும் உண்டு. அதே நாட்டில் 328 நோயாளிகளிடம் குழாய் வழி அறுவையையும் நுண்ணோக்கி வழி அறுவையையும் ஒப்பிட்டு 2009-இல் வெளியிட்ட ஆய்வு, குழாய் முறை எவ்வகையிலும் மேம்பட்டதன்று என்று காட்டிற்று; வலியைப் பொறுத்தவரை அது சிறிது பின்தங்கியும் இருந்தது. 613 நோயாளிகளைக் கொண்ட 2022-ஆம் ஆண்டின் ஆய்வு, உள்நோக்கி அறுவை கால்வலியைத் தணிப்பதில் நுண்ணோக்கி முறைக்குக் குறைந்ததன்று என்று நிறுவிற்று. ஓராண்டுக்குப் பின் நோயாளியின் நிலையைத் தீர்மானிப்பது, துளை எத்தனை மில்லிமீட்டர் என்பதைக் காட்டிலும், அறுவைக்குரியவரைச் சரியாகத் தேர்ந்தெடுத்தார்களா, செய்தவர் அம்முறையில் கைதேர்ந்தவரா என்பவையே ஆகும்.

காத்திருப்பின் விலை

இங்குதான் மருத்துவ வினா பொருளாதார வினாவாக மாறுகிறது. எட்டு வாரக் காத்திருப்பு எல்லோருக்கும் ஒரே விலையுடையதன்று.

மத்திய அரசு ஊழியர் ஒருவருக்கு ஆண்டுதோறும் 20 நாள் அரைச்சம்பள விடுப்பு சேர்கிறது. மருத்துவச் சான்றின் பேரில் அதனை முழுச்சம்பள விடுப்பாக மாற்றிக்கொள்ளலாம். ஈட்டிய விடுப்பும் உண்டு. அவர் காத்திருப்பதால் இழப்பது பெரிதன்று. 1952-இல் கான்பூரிலும் தில்லியிலும் தொடங்கப்பட்ட இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசு காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்த தொழிலாளிக்கு நோய்க்கால உதவியாகக் கூலியில் 70 விழுக்காடு, ஆண்டில் 91 நாட்கள் வரை கிடைக்கிறது. அதாவது 13 வாரங்கள். அவரும் ஓரளவு காத்திருக்க இயலும்.

அமைப்புசாராத் தொழிலாளியின் நிலை வேறு. எடுத்துக்காட்டாக, நாளொன்றுக்கு 500 ரூபாய் ஈட்டி, வாரம் ஆறு நாள் உழைப்பவரைக் கொள்வோம். எட்டு வாரங்களில் அவர் இழப்பது 24,000 ரூபாய். 'ஓய்வெடுங்கள், பயிற்சி செய்யுங்கள், மூன்று மாதத்தில் சரியாகும்' என்னும் அறிவுரை மருத்துவ நூலின்படி மிக மலிவான சிகிச்சை. அவருக்கோ அது கடன் வாங்கிச் செய்யவேண்டிய சிகிச்சையாகிறது.

2018-ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் பிரதமர் மக்கள் ஆரோக்கியத் திட்டம் குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவை ஏற்கிறது. ஏழைக் குடும்பங்கள் மருத்துவச் செலவால் நிலத்தை விற்கும் அவலத்தைத் தடுப்பதில் இஃது ஒரு பெரும் படியாகும். எனினும் இதன் அமைப்பு மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டுப் பெறும் சிகிச்சையைச் சார்ந்தது. அனுமதிக்கு முந்தைய 3 நாட்களும், வீடு திரும்பிய பின் 15 நாட்களும் அதனுள் அடங்கும். வாரக்கணக்கில் வெளிநோயாளியாகப் பெறவேண்டிய இயன்முறை மருத்துவமும், இழந்த கூலியும் அடங்கா. ஆகவே அறுவைக்குப் பணம் உண்டு, காத்திருப்பதற்குப் பணம் இல்லை என்னும் நிலை தோன்றுகிறது. நூல் வழியாக ஆராய்ந்தால் காத்திருந்து தேறியிருக்கக் கூடியவரையும் இந்நிலை அறுவை மேசையை நோக்கித் தள்ளக்கூடும். அறுவைக்குப் பின்னும் பாரம் தூக்கப் பல வாரங்கள் ஆகுமாதலின், கூலி இழப்பு அவரை அங்கும் விடுவதில்லை.

ஒரு கோப்பின் பாடம்

மறு கோடியில், காத்திருக்கக் கூடாதவரைக் காக்கவைப்பதும் நிகழ்கிறது. 2016-இல், கட்டுரையாளர் பணியாற்றிய அலுவலகத்தின் ஓட்டுநர் ஒருவருக்கு வட்டுப் பிதுக்கம் ஏற்பட்டது. உள்நோக்கி அறுவைக்கு மருத்துவர் பரிந்துரைத்த கடிதத்துடன் முன் அனுமதி கோரும் கோப்பு மேசைக்கு வந்தது. வழக்கமான அறுவை போதுமாயிருக்க, செலவு மிகுந்த புதிய முறை எதற்கு என்று விளக்கம் கேட்டுக் கோப்பைத் திருப்பினேன். விளக்கம் வந்தது, கட்டண விகிதம் பற்றி மீண்டும் ஒரு வினா எழுப்பினேன். அனுமதி கிடைக்க மூன்று வாரங்களுக்கு மேலாயிற்று. அதற்கிடையே ஒரு நாள் அவர் என் அறைக்கு வந்து, நடக்கும்போது இடக்கால் செருப்பு கழன்று விழுவதே தெரியவில்லை என்று கூறினார். நான் அதனைக் கோப்பு விரைந்து நகர்வதற்கான முறையீடு என்றே எடுத்துக்கொண்டேன். அது பாதம் வலிமை இழந்துவருவதன் அறிகுறி என்பதை அப்போது அறியேன். மருத்துவரின் கடிதத்தில் நான்காம் வரியில் அச்செய்தி இருந்தது. நான் கட்டணம் குறித்த கடைசி வரியையே திரும்பத் திரும்பப் படித்திருந்தேன்.

அறுவை நன்கு நடந்தது. வலி அன்றிரவே நீங்கிற்று. பாதத்தின் வலிமை முழுவதும் திரும்பவில்லை. அவர் ஓட்டுநர் பணியை விட்டு, கடிதங்களை அனுப்பும் பிரிவுக்கு மாற்றப்பட்டார். தாமதமே காரணம் என்று மருத்துவர் கூறவில்லை; தாமதம் காரணமன்று என்றும் கூறவில்லை. அவசர நிலையில் முன் அனுமதியின்றியே சிகிச்சை பெற்றுப் பின்னர் செலவைக் கோர விதிகளில் இடமுண்டு. அதனை அவருக்கு எடுத்துரைக்க வேண்டியவர்களுள் நானும் ஒருவன்.

எழுப்பவேண்டிய வினாக்கள்

நோயாளியாயினும், கோப்பை ஆயும் அலுவலராயினும் பின்வரும் ஐந்து வினாக்களை இவ்வரிசையில் எழுப்புதல் நலம். 1. சிறுநீர், மலக் கட்டுப்பாட்டு இழப்போ, பாத வலிமைக் குறைவோ உண்டா? உண்டெனில் ஏனைய வினாக்கள் பின்னர். 2. வலி காலில் இறங்குகிறதா, இடுப்பில் மட்டும் உள்ளதா? இடுப்பு வலி மட்டும் எனில் இவ்வறுவை அதற்குரியதன்று. 3. படமும் சோதனையும் ஒரே நரம்பைச் சுட்டுகின்றனவா? 4. குறைந்தது ஆறு வாரங்களாவது மருந்தும் பயிற்சியும் முறையாக அளிக்கப்பட்டனவா? 5. பரிந்துரைக்கும் மருத்துவர் எம்முறையில் மிகுந்த பயிற்சி உடையவர்? வெட்டின் அளவு பற்றிய வினா இவற்றுக்குப் பின்னரே எழவேண்டும்.

வருமுன் காத்தல்

தானிய மூட்டை ஒருகாலத்தில் 100 கிலோவை ஒட்டியதாக இருந்தது; இன்று தானிய மூட்டையும் சிமெண்டு மூட்டையும் 50 கிலோ. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-இல் வயதுவந்த ஆண் தொழிலாளி சுமக்கும் எடை 55 கிலோவுக்கு மேற்படலாகாது என்று பரிந்துரைத்தது. அமெரிக்கத் தொழில் நல ஆய்வு நிறுவனம் 1991-இல் வகுத்த கணக்கின்படி, எல்லாச் சூழ்நிலையும் சாதகமாக இருந்தாலும் கையால் தூக்கத்தக்க எடை 23 கிலோவே. இவ்விரு எண்களுக்கும் நடுவே நம் தொழிலாளியின் முதுகு நிற்கிறது. லாரியின் தளத்தோடு ஒத்த உயரமுள்ள மேடை, தள்ளுவண்டி, உருளைப் பாதை, அதிர்வைத் தாங்கும் ஓட்டுநர் இருக்கை ஆகியவற்றின் விலை, ஓர் அறுவைச் சிகிச்சைக் கூடத்தின் விலையோடு ஒப்பிடத்தக்கதன்று.

இயன்முறை மருத்துவர் உள்ளிட்ட துணைமருத்துவப் பணியாளர்களுக்கென 2021-இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டுள்ளது. அவர்களின் சேவை வட்டார அளவில் கிடைக்குமாயின், காத்திருக்கும் காலம் வீண் காலமாகாது. அத்துடன் அமைப்புசாராத் தொழிலாளிக்கும் நோய்க்காலக் கூலி உதவி சிறிதளவேனும் கிட்டுமாயின், காத்திருப்பதா, அறுவை செய்துகொள்வதா என்பதை அவரது வறுமை முடிவு செய்யாது. நோயின் தன்மையே முடிவு செய்யும்.

நுண்துளை அறுவை நம் காலத்தின் நற்பேறுகளுள் ஒன்று. உரியவருக்கு உரிய நேரத்தில் கிடைக்கும்போது அது ஒரு குடும்பத்தின் வருவாயை மீட்டுத் தருகிறது. உரியவர் யார், உரிய நேரம் எது என்பவற்றை மருத்துவரின் கடிதம் கூறும். அக்கடிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிப்பது அலுவலரின் கடமையாகும்.